விரல் மட்டும் ரேவதியுடையது

கம்பெனி பஸ் மூக்கண்டப்பள்ளி நிறுத்தத்தைத் தாண்டியதும் பின்சீட்டில் யாரோ அந்த வீடியோவைச் சத்தமாக வைத்தார்கள். பொங்கல் விழாவில் ரேவதி உகுலேலே என்ற சின்னத் தந்தி வாத்தியத்தை வாசித்துக்கொண்டே பாடிய வீடியோ. அன்று மேடையில் நின்றபோது அவளுக்குத் தன் வாசிப்பு நன்றாகத்தான் கேட்டது. இன்று, பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவில், அது தகர டப்பாவுக்குள் எலி ஓடுவது போல இருந்தது. நாலு தந்தியில் ஒன்று சுருதி இறங்கிக் கிடந்தது. கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் பாட்டு நின்று, மூச்சு வாங்கி, பிறகு நடந்தது. போதாததற்கு முகத்தில் ஒரு சிரிப்பு வேறு, என்னவோ பெரிதாகச் சாதித்துவிட்டவள் போல.

“சூப்பர்க்கா! மறுபடி எப்ப வாசிப்பீங்க?” என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த ஜெயப்ரியா. ரேவதியோடு ஒரே லைனில் வேலை பார்ப்பவள். முன்னால் உட்கார்ந்திருந்த ஆனேக்கல்காரர் திரும்பி, “தும்பா சென்னாகித்து மேடம்,” என்று கன்னடத்தில் பாராட்டினார். பஸ்ஸில் பாதிப் பேர் இன்னொரு முறை கை தட்டினார்கள்.

ரேவதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாத்தியம் அவள் தேடிப்போய் வாங்கியதல்ல. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குலுக்கல் போடுவார்கள். அவள் கண் முழுக்க அந்த வருஷம் பிரஷர் குக்கர் மேல்தான் இருந்தது. குக்கர் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் ஒரு பிரம்மச்சாரிக்குப் போனது. ரேவதிக்கு இது வந்தது. “குட்டி கிட்டாரு,” என்று எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவின் மேல் போட்டுவைத்தாள். ஒரு நாள் தூசி தட்டும்போது விரல் பட்டுத் தந்தி அதிர்ந்தது. அந்தச் சத்தம் பிடித்துப்போய், கைபேசியில் பார்த்துப் பார்த்து, தந்திகளில் விரல்களை வைக்கும் மூன்று பிடி கற்றுக்கொண்டாள். மூன்று பிடியை வைத்துக்கொண்டு பாதி சினிமாப் பாட்டை ஓட்டிவிடலாம் என்று தெரிந்தது. ஓட்டினாள். பொங்கலுக்கு மேடையும் ஏறினாள்.

அவளுடைய வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. பெல்ட்டில் வருவதை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பிசிறோ கீறலோ இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். வருஷக்கணக்காக அதைச் செய்து செய்து, சுமாரான எதையும் அவளால் சகிக்க முடியாது. ஹோட்டலில் தோசை ஓரம் வேகாமல் வந்தால் தட்டைத் தள்ளிவிடுவாள். அப்படிப்பட்டவள், தான் வாசித்த குப்பைக்கு ஊரே கை தட்டுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று மதியம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கைகூடச் சரியாகக் கழுவாமல் கைபேசியை எடுத்தாள். ஒழுங்காக வாசிப்பது என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. தேடிக்கொண்டே போனதில் ஒரு பெண் அகப்பட்டாள். எங்கோ ஒரு தீவில், கல்லின் மேல் உட்கார்ந்து வாசிக்கிறாள். பாட்டு இல்லை, வெறும் வாசிப்பு. அந்த உருப்படிக்கு ‘நண்டு ஓட்டம்’ என்று பொருள் வரும் பெயர். ஒரு சுரத்தை ஒரு தந்தியிலும் அடுத்ததை இன்னொரு தந்தியிலும் மாற்றி மாற்றி எடுக்கிறாள். முதல் சுரம் அடங்குவதற்குள் இரண்டாவது அதன் மேல் ஏறி நிற்கிறது. கோயில் மணிகளைச் சின்னதாக்கி ஒரு கைக்குள் கொட்டியது போல இருந்தது.

ரேவதி அதை முடிவுவரை கேட்டாள். பிறகு தன்னுடையதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “இதான். இத வாசிக்கணும்,” என்று சொன்னாள். கேட்க வீட்டில் யாரும் இல்லை.

அது அவளுடைய கைக்கு எட்டாத உருப்படி. மூன்று பிடி தெரிந்தவள் எடுத்துக்கொள்ளக் கூடியதே அல்ல. கற்றுக்கொடுக்கும் வீடியோ ஒன்றில் ஒரு தாடிக்காரன், “இது ரொம்ப சுலபம்,” என்று பல்லைக் காட்டியபடி சொல்லிவிட்டு விரலை ஓடவிட்டான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவனை அறைய வேண்டும் போலிருந்தது. வலது கையில் கட்டைவிரல் ஒரு கணக்கில் போக, மற்ற விரல்கள் வேறு கணக்கில் போக வேண்டும். இடது கையில் வைத்த விரலை எடுக்காமல் அடுத்ததை வைக்க வேண்டும். எடுத்துவிட்டால் அந்த மணிச் சத்தம் பாதியில் செத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல் நடுவில் ஓரிடம் இருந்தது. நண்டு சட்டென்று திரும்பி வந்த வழியே ஓடுவது போல மெட்டு மடங்கும் இடம். மோதிர விரல் இருந்த இடத்திலேயே அழுந்தி நிற்க, சுண்டுவிரல் வாத்தியத்தின் கழுத்தில் நாலு கட்டம் தாண்டிப்போய் ஓரத்துத் தந்தியைத் தொட வேண்டும். ரேவதி அதற்கு ‘மடக்கு’ என்று பெயர் வைத்தாள்.

தினமும் மதியம் உட்கார்ந்தாள். உலோகப் பாகங்களில் துரு ஏறாமலிருக்கத் தடவும் எண்ணெய் எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவள் கையை விட்டுப் போகாது. அது தந்தியில் ஒட்டி, வியர்வையோடு சேர்ந்து, வாத்தியமே ஊசிப்போன எண்ணெய் வாடை அடிக்க ஆரம்பித்தது. வாசிக்க எடுக்கும்போதெல்லாம் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் எடுத்தாள். விரல் நுனித் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்தது. வாசித்ததைப் பதிவு செய்து கேட்பாள், பாதியிலேயே நிறுத்துவாள். ‘த்தூ’ என்று வாய்விட்டே சொல்வாள். அடுத்த நாள் மறுபடி உட்காருவாள்.

ரேவதியின் கணவன் சம்பங்கிக்கு இதெல்லாம் புரியவில்லை. அவன் ஒரு குடோனில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். கெலவரப்பள்ளிப் பக்கம் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம்; கோபமோ பயமோ வந்தால் அவன் வாயில் தெலுங்குதான் வரும். மனைவி மேல் உயிர். அவள் என்ன வாசித்தாலும் அவனுக்கு அமிர்தம்.

“நல்லாத்தான இருக்குது? என்னாத்துக்கு மூஞ்சிய அப்படி வச்சிக்கற?”

“எது நல்லா இருக்குது? காது இருக்குதா உங்களுக்கு?”

“கம்பெனியே கை தட்டுது. உனக்கு மட்டும் புடிக்கல.”

“அவங்க சாப்பாட்டுப் பந்தி ஆரம்பிச்சாலும் கை தட்டுவாங்க.”

அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். அந்தச் சிரிப்பு அவளுக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் அவன் பைக் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே ரேவதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சம்பங்கி தன்னை மறந்து ‘நண்டு ஓட்ட’த்தை முணுமுணுத்தான். அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாதக்கணக்கில் கேட்டதில் அவனுக்கே மனப்பாடமாகிவிட்டது. கத்தியை வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். மெட்டு மடக்குவரை வந்தது. அங்கே சம்பங்கி நின்றான். லேசாக இழுத்தான், ஒரு சுரத்தை இரண்டு முறை தட்டினான், பிறகு மேலே போனான். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் நின்று, இழுத்து, இரண்டு முறை தட்டினான்.

ரேவதி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“அங்க ஏன் நிறுத்துறீங்க?”

“எங்க?”

“இப்ப பாடுனீங்களே. நடுவுல நின்னீங்களே.”

“பாட்டே அப்படித்தான? நீ அப்படித்தான வாசிப்ப?” என்றான் அவன், ஈரத் துணியைப் பிழிந்தபடி.

அவளுடைய தடுமாற்றம். விரல் எட்டாமல் அவள் தவித்த தவிப்பு. அதைப் பாட்டின் பகுதி என்று நினைத்து அவன் பக்தியோடு முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான். அவளுக்கு உடம்பு கூசியது. இத்தனை நாளும் அவள் அந்த உருப்படியைக் கற்றுக்கொள்ளவில்லை, தப்பைத்தான் கற்றிருக்கிறாள். அதுவும் எப்படி, புருஷன் பைக் கழுவும்போது பிசகாமல் திருப்பிச் சொல்லும் அளவுக்கு. உள்ளே போய் வாத்தியத்தை உறையில் திணித்து ஜிப்பை இழுத்தாள். வெங்காயக் கையோடு தொட்டதில் அதற்கு அந்த வாடையும் சேர்ந்துகொண்டது.

பல நாள் அதைத் தொடவில்லை. அவள் வாடிப்போயிருக்கிறாள் என்று சம்பங்கி எடுத்துக்கொண்டான். அவளைத் தேற்ற அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: இன்னும் நாலு பேரைப் பாராட்ட வைப்பது. பாகலூர் சாலையில் கல்யாண வீடியோ எடுக்கும் அஜித்குமார் அவனுக்குச் சிநேகிதன். அவனைப் பிடித்து, “நல்லா லொக்கேஷன்ல வச்சி ஒரு வீடியோ எடுத்துக்குடுடா,” என்று ஏற்பாடு செய்துவிட்டான்.

ரேவதி முடியாது என்றுதான் சொன்னாள். அஜித்குமார் வீட்டுக்கே வந்து கேமராவோடு நின்றபோது மறுக்க முடியவில்லை. உள்ளுக்குள் ஓர் ஓரத்தில், வெளியில் போய் வாசித்தால் ஒருவேளை சரியாக வந்துவிடுமோ என்ற சபலமும் இருந்தது. கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே ஆற்றோரம் கூட்டிப்போனார்கள். மேலே நல்ல மழை பெய்து தண்ணீர் திறந்துவிட்டிருந்த சமயம். ஆறு முழுக்க ஆலைக் கழிவு கிளப்பிய நுரை. ஆள் உயரத்துக்கு வெள்ளையாகப் பொங்கி, காற்றில் பிய்ந்து பிய்ந்து பறந்தது. அழுகிய முட்டையும் சோப்பும் கலந்தது போல ஒரு வீச்சம்.

“செமயா இருக்குதுக்கா! ஸ்னோ மாதிரி விழும் வீடியோல. காஷ்மீர்னு சொன்னாலும் நம்புவாங்க,” என்றான் அஜித்குமார்.

“நாத்தம் குடலப் பொரட்டுதே, தெரியலையா?”

“வீடியோல நாத்தம் வராதுக்கா.”

பாறை மேல் துண்டு விரித்து உட்கார வைத்தார்கள். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு வாசித்தாள். நுரை ஒன்று பறந்து வந்து தந்தியின் மேல் உட்கார்ந்தது. துடைத்தால் விரல் பிசுபிசுத்தது. மடக்கில் வழக்கம்போலத் தடுக்கினாள். மறுபடி எடுத்தார்கள், மறுபடி தடுக்கினாள். “பரவால்லக்கா, நான் பாத்துக்கறேன். நீங்க சும்மா சிரிச்ச மாதிரி இருங்க,” என்றான் அவன். வீட்டுக்கு வந்து அவள் இரண்டு முறை தலைக்குக் குளித்தாள்.

அடுத்த வாரம் கேன்டீனில் சாம்பார் சாதத்தில் கை வைத்தபோது ஜெயப்ரியா ஓடிவந்து கைபேசியை நீட்டினாள். “அக்கா! இவ்வளவு நல்லா வாசிப்பீங்களா? எங்க எல்லா குரூப்லயும் இதான் ஓடுது.”

திரையில் வெண்நுரை மெதுவாக மிதந்தது. நடுவே ரேவதி. விரல்கள் பறந்தன. மணி மணியாகச் சுரம் உதிர்ந்தது. மடக்கு வந்தது, நண்டு ஒரு நெளிவுகூட இல்லாமல் திரும்பி ஓடியது. நானா இது? அன்று இவ்வளவு நன்றாகவா வாசித்தேன்? சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவள் முகம் தானாக மலர்ந்தது.

பிறகுதான் கடைசிச் சுரத்துக்குப் பின்னால் அலைச் சத்தம் லேசாகக் கேட்டது. கெலவரப்பள்ளியில் ஏது கடல்?

அது அந்தத் தீவுப் பெண்ணின் வாசிப்பு. சத்தத்தை அப்படியே பிடுங்கி, ரேவதியின் விரலுக்கு மேல் ஒட்டியிருந்தான். அவள் விரல்களின் வேகத்தைக் கூட்டி, தடுக்கிய இடங்களில் நுரையைக் காட்டி மறைத்திருந்தான்.

சாம்பார் வாடை திடீரென்று தாங்க முடியாததாகிவிட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். ஆனால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பிறகு மிகவும் அரித்தது. அன்று பூராவும், மறுநாளும்கூட, பாராட்டியவர்களுக்குத் தலையை ஆட்டினாள். போதாக்குறைக்குக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வீடியோவை இன்னொரு முறை பார்த்தாள். அந்த மடக்கைத் தன் விரலே வாசிப்பது போலப் பார்க்க, இனித்தது. இனித்ததை நினைத்ததும் வாய் கசந்தது. அஜித்குமாரையும் சம்பங்கியையும் திட்டுவது சுலபம். தான் ரசித்ததை யார் தலையில் போடுவது?

வீடியோவைப் பார்த்த அன்று மாலையே சம்பங்கியிடம் கேட்டாள். “உங்களுக்குத் தெரியுமா, அந்தச் சத்தம் என்னுது இல்லன்னு?”

அவன் கண்ணைத் தாழ்த்தினான். “அஜித் சொன்னான். என்னா இப்ப? எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்ல?”

“நீ மனசு ஒடஞ்சி கெடந்தியேன்னுதான்...”

“அதுக்கு? வேற ஒருத்தி உழைப்ப எடுத்து எம்மேல பூசுவீங்களா? அந்த நுரையே தேவலாம். குளிச்சா போயிடுச்சி.”

அவன் முகம் சுண்டிப்போனது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அந்த வீடியோ அதற்குள் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போயிருந்தது. கம்பெனியில் மனிதவளப் பிரிவு அதிகாரி ஜெகதீஷ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குடும்ப விழா வருகிறது, தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், அதே உருப்படியை மேடையில் வாசிக்க வேண்டும் என்றார்.

ரேவதி நேராகவே சொல்லிவிட்டாள். “சார், அதுல வர்ற சத்தம் என்னுது இல்லீங்க. எனக்கு இன்னும் அது வராது.”

அவர் முகத்தில் ஓர் அதிர்ச்சியும் இல்லை. தேநீரை உறிஞ்சினார். “அதனால என்னங்க? மேடையிலயும் ட்ராக்கப் போட்டுடலாம். நீங்க கைய அசைச்சாப் போதும். சவுண்டு நான் பாத்துக்கறேன். பெரிய பெரிய ஆளுங்களே அதான் பண்றாங்க.”

“அது ஏமாத்து வேலைங்க சார்.”

“ஏமாத்துன்னு ஏன் நெனைக்கறீங்க? புரோகிராம் நல்லா வரணும், அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு அவர் உதட்டில் ஒட்டிய பாலாடையை விரலால் வழித்து மேஜை ஓரத்தில் தடவினார். ரேவதி அந்த மேஜை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாசிக்கறேன் சார். ட்ராக் வேணாம். நானே வாசிக்கறேன்,” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று வெளியே வந்த பிறகுதான் யோசித்தாள். வராத ஒன்றை எல்லோர் முன்னாலும் வாசிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். சரி, அந்தத் திருட்டுச் சத்தத்துக்குக் கையை ஆட்டிக்கொண்டு நிற்பதைவிட விழுந்து தொலைப்பது மேல் என்று நினைத்துக்கொண்டாள்.

உறையிலிருந்து வாத்தியத்தை எடுத்தாள். பழைய தந்திகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது மாட்டினாள். மரத்தைத் துணியால் அழுந்தத் துடைத்தாள். பிறகு தீவுப் பெண்ணின் வீடியோவைப் போட்டு, சத்தத்தை முழுக்க நிறுத்தினாள். இதுவரை அந்த இனிமையில் மயங்கியே பார்த்திருக்கிறாள், கையைக் கவனித்ததில்லை. இப்போது பெல்ட்டில் வரும் பாகத்தைத் திருப்பிப் பார்ப்பது போல அவளுடைய இடது கையை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். மடக்கு வருவதற்குச் சற்று முன்னாலேயே அந்தப் பெண்ணின் கட்டைவிரல் வாத்தியத்தின் கழுத்துக்குப் பின்னால் கீழே இறங்குகிறது. அது இறங்கியதும் மொத்தக் கையும் விரிகிறது. சுண்டுவிரல் எட்டிப் பிடிக்கப் போகவே வேண்டியதில்லை, அங்கேயே இருக்கிறது. ரேவதியின் கட்டைவிரல் எப்போதும் கழுத்தை மேலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தது, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல.

தெரிந்ததும் வந்துவிடவில்லை. கை பழைய தப்பையே தேடித் தேடிப் போனது. கட்டைவிரலை இறக்கினால் கட்டம் பிசகியது. கட்டத்தைக் கவனித்தால் கட்டைவிரல் ஏறிக்கொண்டது. அவள் முழு உருப்படியை வாசிப்பதை நிறுத்திவிட்டு, மடக்கின் கடைசிச் சுரத்திலிருந்து ஆரம்பித்தாள். அது சரியாக வந்த பிறகு அதற்கு முந்தியது, பிறகு அதற்கும் முந்தியது. நத்தை வேகம். சம்பங்கி வீட்டில் இருக்கும் நேரங்களில் வாசிக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவே ‘சாப்பாடு’, ‘கேஸ் வந்துச்சா’ என்பது போன்ற பேச்சு மட்டும் நடந்தது.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாண மண்டபத்தில் நடந்தது. உள்ளே சின்னப் பிள்ளைகளின் நடனம் முடிந்து, பின்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வர ஆரம்பித்த நேரத்தில் ரேவதியைக் கூப்பிட்டார்கள். சம்பங்கி ஊரிலிருந்து தன் அக்கா குடும்பத்தையும் கூட்டிவந்து இரண்டாவது வரிசையில் உட்கார வைத்திருந்தான். பின்திரையில் அந்த நுரை வீடியோவிலிருந்து ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவள் மூக்குக்குள் அந்த வீச்சம் ஏறியது.

மைக்கைப் பிடித்தாள்.

“அந்த வீடியோல நீங்க கேட்ட சத்தம் என்னுது இல்லீங்க. அது வேற ஒருத்தங்க வாசிச்சது. விரல் மட்டுந்தான் என்னுது. அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. இப்ப எனக்கு எவ்வளவு வருதோ அவ்வளவு வாசிக்கறேன். நிதானமாத்தான் வரும்.”

மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. முன்வரிசையில் ஜெகதீஷ் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். ரேவதி யாரையும் பார்க்காமல் நாற்காலியில் அமர்ந்து தொடங்கினாள்.

தீவுப் பெண்ணின் வேகத்தில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காலை ஊன்றி நடந்தது. பின்வரிசையில் பேச்சு தொடங்கிவிட்டது. யாரோ ஒருவன், “பாட்டு போடுங்கப்பா!” என்று கத்தினான். மடக்கு நெருங்கியது. கட்டைவிரலை இறக்கினாள். கை விரிந்தது. சுண்டுவிரல் போய் உட்கார்ந்தது. சுரம் நிற்காமல், தட்டாமல், திரும்பி நடந்தது.

வந்துவிட்டது என்ற திகைப்பிலேயே அடுத்த வரி முழுக்க மறந்துபோனது. கை நின்றுவிட்டது. மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் ஒரு மூச்சு இழுத்து, மடக்குக்கு முன்னாலிருந்து மறுபடி எடுத்தாள். மடக்கு மறுபடி வந்தது. இந்த முறை நிற்காமல் கடைசிவரை போனாள். முடிவில் இரண்டு சுரம் பிசகியது. அதையும் வாசித்து முடித்தாள்.

கை தட்டினார்கள். எல்லா நிகழ்ச்சிக்கும் தட்டுவது போலத் தட்டிவிட்டு, பந்திக்கு எழுந்தார்கள்.

ஜெகதீஷ் பக்கத்தில் வந்து, “நல்லா அசிங்கப்படுத்திட்டீங்க,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சம்பங்கி தன் அக்காவின் பக்கத்தில் தலை குனிந்து சாப்பிட்டான்; ரேவதிக்கு இலை பிடித்து வைக்கவில்லை. அந்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவன்தான் அனுப்பியிருந்தான். மறுநாள் குடோனில் அவனைக் கிண்டல் செய்தார்கள். பஸ்ஸில் அவளையும் விடவில்லை. “அக்கா, இது யாரோட விரலு?” என்று ஒருவன் கேட்க, பஸ்ஸே சிரித்தது. அவள் கையை விரித்துக் காட்டி, “என்னுதுதான், நல்லாப் பாத்துக்கோ,” என்றாள். ஜெயப்ரியா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ரேவதி டீ போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு, “அத அழிக்கச் சொல்லுங்க அஜித்த,” என்றாள்.

“விழா அன்னிக்கே அழிச்சிட்டான். நான் சண்ட போட்டுட்டேன் அவன்கிட்ட,” என்றான் அவன், டம்ளரைப் பார்த்தபடி. “அத வாசிச்ச அம்மாளுக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னேன். எழுதுனானா தெரியல.”

ரேவதி அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் டீ குடித்தார்கள்.

“ஒண்ணு கேட்டா கோவிச்சுக்குவீங்களா? மேடையில நான் வாசிச்சது எப்படி இருந்திச்சி?”

சம்பங்கி வழக்கம்போல ‘சூப்பர்’ என்று சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். பிறகு மெதுவாக, “நல்லா இல்ல,” என்றான்.

“எங்க நல்லா இல்ல?”

“கோவப்பட மாட்டியே?”

“சொல்லுங்க.”

“அந்தத் திரும்புற எடம் நல்லாத்தான் இருந்திச்சி. அதுக்கு நீ தவிச்சது எனக்குத் தெரியும். ஆனா ஆரம்பத்துலயே... முதல்ல வருதே, அது. அது எனக்கு எப்பவுமே புடிச்சதில்ல. மொட்ட மொட்டயா கேக்குது. யாரோ கதவத் தட்டுற மாதிரி.”

ரேவதிக்குச் சுருக்கென்றது. ஆரம்பம் அவள் நன்றாக வாசிப்பதாக நம்பிக்கொண்டிருந்த ஒரே இடம். மடக்குக்குப் பயந்த பயத்தில் அதை அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

“இத்தன நாள் ஏன் சொல்லல?”

“நீ கேக்கலையே. கேட்டாலும் நான் நல்லா இருக்குதுன்னுதான் சொல்லியிருப்பேன்.”

அவள் எழுந்து போய் வாத்தியத்தை எடுத்துவந்து, முதல் வரியை மட்டும் வாசித்தாள். இரண்டாம் முறை கேட்டுக்கொண்டே வாசித்தாள். அவன் சொன்னது சரி. ஒரு சுரம் அடங்குவதற்குள் அவள் விரலை எடுத்துவிடுகிறாள். கதவைத் தட்டுவது போலத்தான் கேட்டது. சகிக்கவில்லை. அவளுக்கு முகம் கோணியது.

“ஏமாயிந்தி?” என்று பதறினான் சம்பங்கி.

“ஒண்ணும் ஆவல. நீங்க சொன்னது சரிதான், கேவலமா இருக்குது.” அவள் விரலை மறுபடி முதல் கட்டத்தில் வைத்தாள். “எழுந்து போயிடாதீங்க. எங்க தட்டுதுன்னு சொல்லிக்கிட்டே இருங்க.”

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் வாசித்தாள்.

“இங்க தட்டுது,” என்றான்.

மறுபடி வாசித்தாள்.

“இங்கயும்.”